விசுவுக்கு மறுநாள்

முதுகு அரித்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத அந்த ஒரே இடத்தில். எட்டுகிற இடத்தில் அரித்தால் இந்த உடம்புக்கு என்ன கேடு வந்துவிடும்? கொம்பையா ஆஸ்பத்திரித் தூணில் முதுகைக் கொடுத்து மாடு உரசுகிற மாதிரி உரசினான். சித்திரை வெயில் வராந்தாவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. மனுசன் பனியனைக் கழற்றி எறிகிற நேரத்தில் இவன் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டி, கழுத்துப் பொத்தானையும் மாட்டியிருந்தான். "என்ன மாப்ள, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீரு?" என்று காலையில் மச்சான் ஆவுடையப்பன்கூடக் கேட்டான். எதிரே குழந்தைகள் வார்டின் கம்பிக் கதவு. சாயங்காலம் பார்வை மணி அடித்தால்தான் திறப்பான் வாட்ச்மேன். காலையில் ஆவுடையப்பன் ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்ததிலிருந்து அந்த ஆளும் கண்ணில் படவில்லை. கதவுக்கு அங்கிட்டு, கோடியில், தனி அறையில் பேச்சி கிடக்கிறாள். கொம்பையாவின் ஒரே மகள், ஆறு வயசு, தொண்டைக்குள் குழாய். ரத்தத்தில் புற்று என்று சொன்ன அன்றைக்கே இவன் பாதி செத்தான். குணமாக்கிவிடலாம் என்று சொல்லச் சொல்ல அந்தப் பாதிக்கு மறுபடி உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் ஊசிதான், அப்புறம் வீடுதான் என்று இருந்த பிள்ளைக்கு இப்போது அம்மை. இந்த வார்டுக்குள் வைத்தே. நுரையீரல் வரைக்கும் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் நோயைத் தீர்க்கத்தானே கொண்டுவந்து போட்டோம், இங்கே புதுசாக ஒன்றைக் கொடுத்து அனுப்புவான்களா? எவனையாவது அடிக்க வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

பை கனமாக இருந்தது. மேலே ஒரு இளநீர், பார்க்கிறவன் கண்ணுக்கு. அடியில் துண்டில் சுற்றி டயர் லிவர், முழ நீள இரும்புக் கம்பி. பைபாஸ் ரோட்டில் லாரி டயர் கழற்றுகிற கடையில் வேலை. லிவர் இல்லாமல் அவன் கைக்கு அடையாளமே கிடையாது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நுனியைக் கொடுத்து ஒரு மிதி மிதித்தால் எப்பேர்ப்பட்ட டயரும் வாயைத் திறந்துவிடும். மண்டைக்கு அவ்வளவு பலம் வேண்டியதில்லை. யார் மண்டை? அதில்தான் வந்து நிற்கிறது எல்லாம். வாட்ச்மேன்? அவன்தான் கண்ட கண்ட ஆட்களை உள்ளே விடுகிறான், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், கேட்பாரில்லை. விழட்டும் அவன் மண்டையில் ஒன்று. தரை துடைக்கிறவள்? ஒரே வாளித் தண்ணீரில் மூன்று வார்டையும் துடைக்கிறாளே, அவள்? பெரிய டாக்டர், அந்தக் கண்ணாடிக்காரர், ஒரு கட்டிலில் ரெண்டு பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு, நாங்கள் என்ன செய்ய என்று கையை விரிக்கிறவர், அவர்? கொம்பையா மனசுக்குள் ஒவ்வொருத்தர் மேலும் லிவரை ஓங்கி இறக்கிப் பார்த்தான். எலும்பு உடைகிற சத்தம்கூடக் கேட்டது. ஆனால் விழுந்தவன் முகத்தைக் குனிந்து பார்த்தால், ஆள் மாறிப்போன மாதிரி ஒரு சங்கடம். சரி, இவன் இல்லை, அடுத்தவன். அடுத்தவனும் இல்லை. பிறகு எவன்லே? எவன்தான் கொண்டுவந்து கொடுத்தான் என் பிள்ளைக்கு? அரிப்பு தோள்பட்டையிலிருந்து கழுத்துக்கு ஏறியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஆவுடையப்பனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கொடுத்துவைத்தவன். வேலம்மாவுடைய அண்ணன்; நாக்பூர் லோடு ஏற்றிக்கொண்டு போய், முந்தாநாள்தான் திரும்பினான்; வந்ததும் வராததுமாக லாரி ஸ்டாண்டிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே. "அந்த நர்சு மூதிதான் மாப்ள. அவ மூஞ்சியெல்லாம் கொப்பளமாம், லீவு போட்டுட்டு ஒளிஞ்சிக்கிட்டாளாம். அம்மையை வச்சுக்கிட்டுப் பிள்ளைங்களைத் தொட்டிருக்கா பாரும். மணி அடிச்சு கதவு தொறக்கட்டும். இன்னைக்கு ஒருத்தன் கையும் காலும் ஒழுங்கா இருக்காது." அவன் அப்படிச் சொன்னபோது கொம்பையா தலையை ஆட்டினான். ஆமா, நர்ஸுதான். எவ்வளவு லேசாக இருந்தது அதைக் கேட்க! நெஞ்சில் ஏறி நின்றவன் சடாரென்று இறங்கிப் போன மாதிரி. ஜெபராணி சிஸ்டர். அவள்தான். அவள் கையால்தான் பேச்சிக்கு ஊசியெல்லாம். பேச்சியின் கையில் நரம்பு அகப்படாது, மற்ற நர்ஸுகள் குத்திக் குத்திப் பிள்ளை அலறும், ஜெபராணி வந்து, "எங்க, நம்ம புழு எங்க ஒளிஞ்சிருக்கு?" என்று புறங்கையைத் தடவிக்கொண்டே இருப்பாள், பேச்சி சிரிக்கிற நேரம் பார்த்து ஊசி உள்ளே போயிருக்கும். முதுகுத்தண்டில் மருந்து ஏற்றுகிற நாளில் பிள்ளையை வளைத்துப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். பேச்சியின் மொட்டைத் தலை அவள் கழுத்தடியில் அழுந்தியிருக்கும். அவ்வளவு நெருக்கம். அவ்வளவு நெருக்கமாக இருந்தவளிடமிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்? அவள் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம். அந்தக் கழுத்தைத்தான். கை அதை நினைத்து ஒரு தடவை மூடித் திறந்தது, வேண்டாம் வேண்டாம் என்று பையின் காதைப் பிடித்துக்கொண்டது. வராந்தாக் கடைசியில் படிக்கட்டில் வேலம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வாங்குகிறாள், குடிக்கிறாள், தரையைப் பார்த்துக்கொண்டே திருப்பித் தருகிறாள்.

காலையில், கண்ணாடி உடைவதற்கு முன்னால், அந்தச் சின்ன டாக்டரம்மா இவனையும் வேலம்மாவையும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே கருவளையம். "வீட்டுல யாருக்காவது அம்மை போட்டிருந்துச்சா? சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, இங்க வந்து பாத்துட்டுப் போனவங்க?" இவன் வாயைத் திறப்பதற்குள் வேலம்மா சொல்லிவிட்டாள், "இல்ல டாக்டரம்மா." இவனும் சொன்னான், "இல்ல." அவள் விடவில்லை. "பாருங்க, சிஸ்டருக்கும் உங்க பாப்பாவுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் கொப்பளம் வந்திருக்கு. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு இவ்வளவு சீக்கிரம் வராது, ரெண்டு வாரமாவது ஆகும். அப்ப மூணாவதா ஒரு ஆள் வார்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காங்க. யாருன்னு நான் சண்டை பிடிக்கிறதுக்குக் கேக்கல. என்னைக்குன்னு தெரிஞ்சாப் போதும். அன்னைக்கு இங்க இருந்துட்டு இப்ப வீட்டுக்குப் போயிருக்கிற பிள்ளைங்களைத் தேடிப் பிடிச்சு மருந்தை ஆரம்பிச்சுட்டா காப்பாத்திடலாம். எல்லாம் பாப்பா மாதிரிப் பிள்ளைங்கதான், உடம்புல எதிர்ப்பே கிடையாது. போன் போட்டா பாதிப் பேர் எடுக்கல. யாரைத் தேடி முதல்ல ஆள் அனுப்புறதுன்னு தெரியல." இவன் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார் அறுந்து பின்னூசி குத்தியிருந்தது. "இல்லம்மா, எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல." பொய் என்று அதை எப்படிச் சொல்வது? அப்படி ஒன்றும் இல்லைதானே? அம்மை போட்டிருந்தது என்று எவன் சொல்வான்? அம்மா வந்திருந்தாள், இருந்தாள், தண்ணி வாங்கிக்கொண்டு போனாள். வந்திருக்கிற நேரத்தில் அவளை நோய் என்று வாயால் சொன்னால் நாக்கு இருக்குமா? வாசலில் வேப்பிலை கட்டினால் தெருவுக்கே தெரியும், ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்கக் கூடாது. வீட்டில் தாளிப்புக் கிடையாது, தலை சீவக் கூடாது, உடம்பில் முத்து முத்தாக அவள் விளையாடுவாள், அரித்தால் நகம் படக் கூடாது, வேப்பங்கொத்தால் வருடிக்கொள்ளலாம். கொம்பையா வேப்பிலை மேல் படுத்துக் கிடந்தான், முதுகு முழுக்க முத்து. பங்குனிக் கடைசியில். இவன்தான். இல்லை. அதை அப்படி நினைக்கக் கூடாது. அது வேறு, இது வேறு. அது வீட்டுக்கு வந்தது. இது ஆஸ்பத்திரி நோய், ஊசியிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு திரிகிற நோய். ரெண்டும் ஒன்று என்று எந்த மடையன் சொன்னான்?

உள்ளே எங்கோ ஒரு இயந்திரம் கீச் கீச் என்று கத்தியது, அடங்கியது. அடங்கினால் நல்லதா கெட்டதா? தெரியவில்லை. நல்லது கெட்டது தெரியாமல் ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதைவிட எவனாவது செவிட்டில் ரெண்டு அறை அறையலாம். கடையில் கூட வேலை பார்த்த சங்கிலிப்பாண்டி செத்த அன்றைக்கும் இப்படித்தான், முதலில் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. லாரி சக்கரத்துக்குக் காற்று அடிக்கும்போது ரிம்மைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டுவார்கள், அது சரியாக உட்காராவிட்டால் காற்றுக் கொடுக்கக் கொடுக்கத் தெறித்துவிடும். தெறித்தது. சங்கிலிப்பாண்டி எதிரே குந்தியிருந்தான். மூக்குக்குக் கீழே முகம் இல்லை. ரத்தம் கிரீஸ் டப்பாவுக்குள் போய் நிறைந்தது. அந்த டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தது கொம்பையாதான், எதற்காக எடுத்து வைத்தான் என்று இன்றைக்கும் தெரியாது. ஊர் கூடிவிட்டது. எவன்டா பண்ணினது? லாரி கிளீனரைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தார்கள், நீதானே அவசரப்படுத்தினே, நீதானே சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினே. காதிலிருந்து ரத்தம் வர அடித்தார்கள். வளையத்தை மாட்டியவன் சங்கிலிதான், கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். செத்தவனை எப்படி அடிக்க? அதனால் கிளீனர். கொம்பையாவும் ரெண்டு மிதி மிதித்தான். மிதித்த பிறகு நெஞ்சுக்கு எவ்வளவு இதமாக இருந்தது, ஐயோ, ராத்திரி சோறுகூட இறங்கிற்று. இன்றைக்கும் அப்படி ஒரு கிளீனர் வேண்டும். ஆவுடையப்பன் ஒருத்தியைக் காட்டிக் கொடுத்திருக்கிறான். அவளையே வைத்துக்கொள்வோமே. ஒரு தடவை முகத்தைப் பார்க்காமல் அடித்துவிட்டால் பிறகு அவள்தான் என்று ஆகிவிடும். அடித்ததே சாட்சியாகிவிடும்.

ஆனால் போன் வந்ததே. அதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து வாட்ச்மேன், வாளி, பெரிய டாக்டர் என்று சுற்றிச் சுற்றி வந்தான். வண்டி எங்கே சுற்றினாலும் அந்த முக்கில் வந்து நிற்கிறது. முதல் தண்ணி ஊற்றியாயிற்று. அக்காதான் வந்து ஊற்றினாள், வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணி, வேப்பிலை போட்டு. "மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் நடையைத் தாண்டிராத, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றைக்கு விசு, சித்திரை ஒண்ணு. ராத்திரி வேலம்மாவின் போனிலிருந்து பேச்சி. "எப்பா, நீ ஏன் வரமாட்டேங்க? ஹாஜிரா அப்பா வந்திருக்காரு. எல்லாருக்க அப்பாவும் வந்திருக்காவ. எனக்குக் காய்ச்சலா இருக்கு. நீ என்னைய மறந்துட்டியா?" அவ்வளவுதான். மறந்துட்டியா என்று ஒரு ஆறு வயசு கேட்டால் எந்த அப்பன் நடையைத் தாண்ட மாட்டான்? கொப்பளம் பாதி அமுங்கிவிட்டது, மிச்சம் சட்டைக்குள்ளேதானே இருக்கிறது. முழுக்கைச் சட்டை. இதே சட்டை. விடிந்ததும் பஸ் ஏறினான். சும்மா போகவில்லை, அதுதான் கொடுமை, சும்மா போகவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த அம்மன் கும்பத்திலிருந்து வேப்பங்கொத்தை எடுத்து, மஞ்சள் தண்ணியில் நனைத்த துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். அவள் இருந்து விளையாடிய இலை. அதைப் பிள்ளை தலையில் வைத்தால் எந்த நோயும் அண்டாது என்று அவன் நம்பினான், அம்மன் மேல் ஆணையாக நம்பினான். "என்ன அண்ணே, மூஞ்சில என்னமோ?" என்று ஜெபராணி கேட்டாள். "வேர்க்குரு சிஸ்டர், வெயில் என்ன கொஞ்சமாவா அடிக்கி." அவள் சிரித்துக்கொண்டே பேச்சியைத் தூக்கி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள், இவன் குனிந்து இலையை அந்த மொட்டைத் தலையில் வைத்தான், மூன்று பேர் மூச்சும் ஒன்றாக இருந்தது. வேலம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. அவளுக்குத் தெரியும். அவன் ஏன் பத்து நாளாக வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? போ என்று சொல்லவில்லை, ஏன் வந்தே என்றும் கேட்கவில்லை. பிள்ளை சிரித்ததே, அதைக் கெடுக்க மனசு வரவில்லை அவளுக்கு.

பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ். அவள் மகள் ஹாஜிராவுக்கும் பேச்சி வயசுதான், அதே நோய், அதே மொட்டை. ரெண்டும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு நர்ஸுகளுக்குப் பட்டப்பெயர் வைக்கும். "அண்ணே, எம்புள்ளைக்கும் வைங்க. நாளைக்கு ஊருக்குப் போறோம். எந்தச் சாமியா இருந்தா என்ன, புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்." வைத்தான். ஒருத்திக்கு வைத்தால் அடுத்தவள் சும்மா இருப்பாளா? எதிர்க் கட்டில், அதற்கடுத்த கட்டில், ஜன்னலோரக் கட்டில், ஒவ்வொரு தாயும் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். கோயில் பூசாரி மாதிரி வார்டைச் சுற்றி வந்தான் கொம்பையா. அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு பெருமை! டயர்க் கடைக்காரன் கைக்கு அவ்வளவு மரியாதை எங்கே கிடைத்தது? இப்போது அந்த வார்டு கண்ணுக்குள் மறுபடி சுற்றுகிறது, ஒவ்வொரு தலையாக, ஒவ்வொரு தலையிலும் இலைக்குப் பதில் லிவர் இறங்குகிறது. இறக்குகிற கை இவன் கைதான். முழுக்கைச் சட்டை போட்ட கை. அதனால்தான் எந்த மண்டையும் பொருந்தவில்லை. ஹாஜிரா மறுநாளே புளியங்குடிக்கு அங்கிட்டு எங்கேயோ ஊருக்குப் போய்விட்டாள். மலையடி ஊர், போன் எடுக்காது, மும்தாஜே சொல்லியிருக்கிறாள், மாடியில் ஏறி நின்றால்தான் டவர். இந்நேரம் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதோ? வெறும் காய்ச்சல் என்று பாயில் போட்டிருப்பாளோ? சொல்லிவிடலாமா? டாக்டரம்மா, விசுவுக்கு மறுநாள். மூணே மூணு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? ஆவுடையப்பன் கொன்றுவிடுவான். கொல்லட்டும், அது ஒன்றும் இல்லை. சொன்னால் பேச்சியைக் கொன்றது... அங்கே நின்றது மனசு. சொல்லாத வரைக்கும் அது எவனோ. சொல்லிவிட்டால் அப்பன். கண் திறந்து அவள் கேட்டால், எனக்கு யாருப்பா கொடுத்தா என்று கேட்டால்? பையின் காது உள்ளங்கையை அறுத்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

மணி அடிக்கவில்லை. அதற்கு முன்னால் வராந்தாத் திருப்பத்தில் சக்கர நாற்காலி ஒன்று வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு வயசாளி. உட்கார்ந்திருந்தவள் தலையிலிருந்து துப்பட்டாவைப் போர்த்தி, வாயை மூடிய துணியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். தொற்று வார்டுக்குப் போகிற வழி இதுதான். இவள் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாள் என்று கொம்பையா நினைத்து முடிப்பதற்குள் துப்பட்டா நழுவிவிட்டது. நெற்றி, கன்னம், இமை, ஒரு இடம் பாக்கியில்லாமல் கொப்பளம். "லேய், இவதாம்லே!" என்று கத்திக்கொண்டு ஆவுடையப்பன் பாய்ந்தான். தள்ளிக்கொண்டு வந்தவர் நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டினார். ஆவுடையப்பன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலி சாய்ந்தது, ஜெபராணி முழங்கையும் முகமும் தரையில் அடிபட விழுந்தாள். "எம் மருமகளைக் கொல்லப் பாத்தியேட்டி! சோத்தைத்தானே திங்கே?" ஒரு உதை. லாரி ஸ்டாண்டு ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள், எவனோ நாற்காலியைத் தூக்கிக் கம்பிக் கதவில் எறிந்தான், எவளோ வீரிட்டாள், கண்ணாடித் துண்டுகள் செருப்புக்கடியில் நொறுங்கின. இன்னொரு உதை. கன்னத்துக் கொப்பளம் உடைந்து ரத்தமும் நீருமாக வழிந்தது. அவள் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இருமினாள். அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து அவள் கண் கொம்பையாவைக் கண்டுபிடித்தது. முகத்தைப் பார்க்கவில்லை அவள். அவன் கழுத்தைப் பார்த்தாள். காலர் எப்போது விலகியதோ. அங்கே காய்ந்து கறுத்துப்போன வடுக்கள். நர்ஸுக்குத் தெரியாதா, வேர்க்குரு வடு வைக்காது என்று? பார்த்துவிட்டாள். இப்போது சொல்லப்போகிறாள், கையை நீட்டி இவன்தான் என்று சொல்லப்போகிறாள், சொல்லேன், சொல்லித் தொலையேன், தாயே, நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாமே! அவள் வாயைத் திறந்தாள். மூச்சுக்கு நடுவில் வந்தது இவ்வளவுதான்: "அண்ணே... பேச்சி எப்படி இருக்கா?"

இளநீர் உருண்டு போனது. லிவர் கையில் இருந்தது, துண்டு அவிழ்ந்து தொங்கியது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்: "வாரும் மாப்ள, நீருதான் போடணும், உம்ம பிள்ளை." ஆட்கள் வழிவிட்டார்கள். கொம்பையா ஓங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லிவர் கம்பிக் கதவில் இறங்கியது, டங்கென்று வராந்தா முழுக்க அதிர்ந்தது, இன்னொன்று, இன்னொன்று, பூட்டு தெறிக்கிற மாதிரி. கதவுக்குப் பின்னால் சின்ன டாக்டரம்மா ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொம்பையா லிவரைக் கீழே போட்டான், சட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக் கிழித்தான், பொத்தான்கள் சிதறின. வெயிலில் அவன் உடம்பு தெரிந்தது. நெஞ்சில், வயிற்றில், தோளில், கறுத்த வட்டம் வட்டமாக. "நான்தாம்லே," என்றான். மறுபடியும் கத்தினான், தொண்டை கிழிகிற மாதிரி: "அவளை விடுங்கலே! நான்தான் கொண்டாந்தேன்! எனக்குத்தான் அம்மை! டாக்டரம்மா, விசு, விசுவுக்கு மறுநாள்!" படிக்கட்டில் வேலம்மா எழுந்து நின்றுவிட்டாள். முந்தானை வாயில். "ஆமா அண்ணே," என்றாள் அவள், ஆவுடையப்பனைப் பார்த்து, எதற்கு ஆமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல்.

ஆவுடையப்பன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்தான். நிமிரும்போது லிவர் அவன் கையில் இருந்தது. முதல் அடி இடது தோள்பட்டையில் விழுந்தது, அத்தனை நாளாகக் கை எட்டாமல் அரித்துக்கொண்டிருந்த அதே இடத்தில். கொம்பையா கதவோடு போய் மோதினான். கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் மறந்துவிடும். "எழுதிக்கிடுங்க," என்றான். டாக்டரம்மாவின் முகம் கம்பிக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக. எழுத எதுவும் இல்லை அவளிடம், உள்ளங்கையில் பேனாவை வைத்து அழுத்தினாள். "என் மக பேச்சி. எதிர்க் கட்டில்ல தென்காசிக்காரங்க பையன், காது குத்தியிருக்கும்." அடி விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம், முன்னால் மனசுக்குள் கேட்டதே, அதே சத்தம்தான். "அடுத்த கட்டில்ல இரட்டைப் பிள்ளையில ஒண்ணு. ஜன்னலோரத்துல அந்த ஊமைப் பிள்ளை, பேரு தெரியாது, அப்பன் ஐஸ் விக்கான்." யாரோ ஆவுடையப்பனைப் பின்னாலிருந்து இழுத்தார்கள், அவன் உதறிக்கொண்டு வந்து இன்னொன்று போட்டான், அழுதுகொண்டே போட்டான். ஒவ்வொரு கட்டிலாக, அன்றைக்குப் பூசாரி மாதிரிச் சுற்றி வந்த அதே வரிசையில், ஒரு கட்டிலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கொம்பையா சொல்லிக்கொண்டே வந்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. முழங்கால் மடங்கியது, கை மட்டும் கம்பியை விடவில்லை. "முதல்ல ஹாஜிராவைப் பாருங்க டாக்டரம்மா. மும்தாஜு மக. புளியங்குடிக்கு அங்கிட்டு மலையடியில, போன் எடுக்காது, ஆள்தான் போகணும். இப்பமே ஆள் அனுப்புங்க. மத்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரு தடவைதான் இலையை வச்சேன். அவளுக்கு மட்டும் ரெண்டு தடவை வச்சேன். குளுகுளுன்னு இருக்கு மாமா, இன்னொரு தடவை வைங்கன்னு அவதான் கேட்டா."